மிடி வைத்து லைட் டெஸ்க் ஓட்டுவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

தஞ்சாவூர், திருச்சி பக்கம் இன்னிசைக் கச்சேரி, கல்லூரி விழா, நாட்டிய நாடகம் என்று லைட் போடுகிறவன் நான். கீபோர்டு வாசிக்கிறவர்களும் புதிதாக லைட்டுக்கு வந்த பையன்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருவதற்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

அண்ணே, மிடி ஒயர்ல என்னதான் போகுது? சத்தமா?

சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இன்ன சேனலில் இன்ன கீயை இவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்ற செய்தி மட்டும் போகிறது. கீபோர்டில் நடு சி-யை அழுத்தினால் மூன்று எண்கள் கிளம்பும்: 144, 60, 100. முதல் எண் 'ஒன்றாம் சேனலில் ஒரு நோட் ஆரம்பம்' என்கிறது, அடுத்தது எந்த நோட், மூன்றாவது அழுத்திய வேகம். விரலை எடுத்தால் 128, 60, 0 போகும்; சில கீபோர்டுகள் அதற்குப் பதிலாக 144, 60, 0 அனுப்பும், இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். 1983-ல் வெவ்வேறு கம்பெனி சின்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்த ஏற்பாடு இது, லைட்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே மிடி லைட்டை ஓட்டுகிறது என்று நினைக்காதீர்கள். உங்கள் டெஸ்க்கில், அதாவது லைட்டுகளை இயக்கும் கன்ட்ரோல் பெட்டியில், உள்ள பட்டனை வேறொருவர் தூரத்தில் இருந்து அழுத்துகிறார், அவ்வளவே. நிறம், ஃபேடு (மெல்ல மெல்ல மாறுவது), மூவிங் ஹெட் (தலை திரும்பும் லைட்) எங்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் டெஸ்க்குக்குள் நீங்கள் பதிந்து வைத்ததுதான். பதியாத டெஸ்க்குக்கு எத்தனை மிடி அனுப்பினாலும் ஒன்றும் நடக்காது.

மிடியும் அஞ்சு பின், டி.எம்.எக்ஸும் அஞ்சு பின். அப்ப நேரா பார் லைட்லயே சொருகிடலாமே?

முடியாது. டி.எம்.எக்ஸ் என்பது டெஸ்க்கில் இருந்து லைட்டுகளுக்குக் கட்டளை போகும் ஒயர். மிடியுடையது பழைய வட்ட டின் ப்ளக், டி.எம்.எக்ஸுடையது எக்ஸ்.எல்.ஆர் ப்ளக்; ஐந்து என்ற எண்ணிக்கையைத் தவிர ஒற்றுமை இல்லை. மிடி வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில், ஏதாவது நடந்தால் மட்டும் பேசும். டி.எம்.எக்ஸ் 2,50,000 பிட் வேகத்தில் 512 சேனல்களின் அளவையும் ஓயாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். பார் லைட்டுக்குப் புரிவது இரண்டாவது மட்டும்தான். நடுவில் டெஸ்க்கோ, லேப்டாப்போ, மிடியை டி.எம்.எக்ஸ் ஆக்கித் தரும் சின்னப் பெட்டியோ கட்டாயம் வேண்டும்.

ஒரு தம்பி டின் ப்ளக்கை வெட்டிவிட்டு எக்ஸ்.எல்.ஆர் வைத்து ஒட்டிக் கொண்டுவந்து காட்டினார். சால்டரிங் அருமையாக இருந்தது, லைட்தான் எரியவில்லை.

எங்கிட்ட சின்ன 192 பெட்டிதான் இருக்கு. பின்னாடி மிடி இன்-னு ஒரு ஓட்டை இருக்கே, அது சும்மாவா?

சும்மா இல்லை, நன்றாகவே வேலை செய்யும், யாரும் தொடுவதில்லை என்பதுதான் விஷயம். பெரும்பாலான 192 டி.எம்.எக்ஸ் சேனல் பெட்டிகளில் ஏற்பாடு ஒரே மாதிரி: நோட் 0 முதல் 7 வரை முதல் பேங்கின் எட்டு சீன்கள் (சீன் என்றால் பதிந்து வைத்த ஒரு லைட் அமைப்பு, பேங்க் என்றால் எட்டு சீன் கொண்ட தொகுப்பு), 8 முதல் 15 வரை இரண்டாவது பேங்க், இப்படியே 119 வரை பதினைந்து பேங்குகள். 120 முதல் 125 வரை ஆறு சேஸ் (சீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடுவது), 126 பிளாக்அவுட் (எல்லா லைட்டும் அணைவது). பெட்டியோடு வரும் கையேட்டில் இந்த அட்டவணை இருக்கும், உங்களுடையதில் வேறு மாதிரி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால் 61 கீ உள்ள கீபோர்டின் கடைசி இடது கீயே நோட் 36. கணக்குப் போட்டுப் பாருங்கள், அது ஐந்தாவது பேங்கின் ஐந்தாவது சீன். முதல் நான்கு பேங்கில் ஆசையாகப் பதிந்து வைத்ததெல்லாம் கைக்கு எட்டாது, வலது கோடியில் 96-ல் முடிந்துவிடுவதால் பிளாக்அவுட்டும் எட்டாது. கீபோர்டில் ஆக்டேவ் பட்டனை வைத்துக் கீழே இறக்கலாம். நான் செய்வது அதைவிட எளிது, மிடிக்கான சீன்களை ஆறாவது பேங்கில் இருந்து பதிவேன்.

அப்புறம் சேனல், டி.எம்.எக்ஸ் சேனல் இல்லை, முதலில் சொன்ன மிடி சேனல். பெட்டியும் ஒன்றாம் சேனல், கீபோர்டும் ஒன்றாம் சேனல் என்றால் அவர் பாட்டு வாசிக்க வாசிக்க ஒவ்வொரு நோட்டுக்கும் சீன் மாறும். பெட்டியை 16-ல் வைத்துவிட்டு, கீபோர்டில் இடது கோடிப் பன்னிரண்டு கீயைத் தனிப் பகுதியாகப் பிரித்து (ஸ்பிளிட்), சத்தம் இல்லாமல், 16-க்கு அனுப்பச் சொல்லுங்கள்.

காசு போடாம வீட்டிலயே பழக வழி இருக்கா?

இருக்கிறது. க்யூ.எல்.சி பிளஸ் முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், மிடியைப் புரிந்துகொள்ளும். சாம்சிஸ் மேஜிக்கியூவின் கணினிப் பதிப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. யு.எஸ்.பி உள்ள எந்தக் கீபோர்டையும் லேப்டாப்பில் சொருகி, க்யூ.எல்.சி பிளஸ்ஸில் ஒரு பட்டன் வரைந்து, அதன் அமைப்பில் ஆட்டோ டிடெக்ட்டைத் தட்டிவிட்டு ஒரு கீயை அழுத்தினால் அந்தக் கீ அந்தப் பட்டனோடு ஒட்டிக்கொள்ளும். லைட்டே இல்லாமல் திரையில் பார்த்தே ஒரு வாரம் பழகலாம்.

ஒரே லேப்டாப்பில் பாட்டு டிராக்கும் லைட் மென்பொருளும் ஓட வேண்டும் என்றால் நடுவில் மெய்நிகர் மிடி ஒயர் வேண்டும். மேக்கில் ஐ.ஏ.சி டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, விண்டோஸில் லூப்மிடி என்ற இலவச நிரலைப் போட்டுக்கொள்ளலாம். பழகுவதற்குச் சரி. மேடையில் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் ஓட்ட மாட்டேன், அது தூங்கினால் பாட்டும் போய் லைட்டும் போய்விடும்.

நோட், சி.சி, புரோகிராம் சேஞ்ச்னு மூணு இருக்கே. எதை எதுக்கு அனுப்பறது?

என் பழக்கத்தைச் சொல்கிறேன். பாட்டு மாறுவதற்குப் புரோகிராம் சேஞ்ச் (டோனை மாற்றும்போது போகும் எண்), பாட்டுக்குள் வரும் இடங்களுக்கு நோட், ஃபேடருக்கு, அதாவது ஏற்றி இறக்கும் பிடிக்கு, சி.சி (கன்ட்ரோல் சேஞ்ச், பிடி எங்கே நிற்கிறது என்ற எண்). இதில் முதலாவதுதான் தங்கம். கீபோர்டு வாசிக்கிறவர் ஒவ்வொரு பாட்டுக்கும் எப்படியும் டோன் மாற்றுவார், மாற்றும்போதே புரோகிராம் சேஞ்ச் வெளியே போகும்படி வைக்கலாம், அதைப் பிடித்து டெஸ்க் அந்தப் பாட்டின் பக்கத்துக்குப் போய்விடும். அவர் கூடுதலாக ஒரு விரல்கூட அசைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒயரில் போவது 0 முதல் 127 வரை, ஆனால் சில கருவிகள் திரையில் 1 முதல் 128 என்று காட்டும். கீபோர்டில் 12-வது பாட்டு, டெஸ்க்கில் 11-வது பக்கம் திறக்கிறது என்றால் பதறாதீர்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை, ஒன்றைக் கூட்டிப் பதியுங்கள்.

மிடி ஃபேடர்ல மூவிங் ஹெட்டை நகர்த்தினா வழுக்கிட்டுப் போகாம தாவித் தாவிப் போகுதே?

சி.சி-க்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான். டி.எம்.எக்ஸின் ஒரு சேனலுக்கு 256, மூவிங் ஹெட்டின் பேன் (இடவலமாகத் திரும்புவது) இரண்டு சேனலைச் சேர்த்துக்கொண்டால் 65,536. பேன் மொத்தம் 540 டிகிரி என்று வையுங்கள், அதை மிடி ஃபேடருக்குக் கொடுத்தால் ஒரு படிக்கு நாலேகால் டிகிரி. பத்து மீட்டர் தள்ளி நிற்கிற பாடகர் மேல் விழும் ஒளி ஒரே தாவலில் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நகரும், அதாவது அவரை விட்டுப் பக்கத்தில் நிற்கும் வயலின்காரருக்குப் போய்விடும்.

முதல் கேள்வியில் சொன்னதுதான் இதற்கும் விடை. அசைவை டெஸ்க்கில் கியூவாக, அதாவது கூப்பிட்டதும் ஓடும் ஒரு லைட் மாற்றமாக, பதிந்து மூன்று வினாடி ஃபேடு கொடுங்கள், மிடியில் 'கிளம்பு' என்று ஒரே ஒரு நோட்டை அனுப்புங்கள். வெளிச்சத்தின் அளவுக்கு, ஸ்ட்ரோபின் (படபடவென்று வெட்டி எரிவது) வேகத்துக்கு 128 படி தாராளம்.

ரிகர்சல்ல எல்லாம் சரியா வந்துச்சு சார், மேடையில தப்புத் தப்பா கியூ வருது. டெஸ்க் போயிடுச்சா?

டெஸ்க்கைச் சந்தேகப்படும் முன் கீபோர்டின் திரையில் டிரான்ஸ்போஸ் என்ன என்று பாருங்கள். கும்பகோணம் பக்கம் ஒரு கச்சேரியில் பாடகருக்குத் தொண்டை கட்டிப்போனதால் சுருதியை இரண்டு படி இறக்கச் சொன்னார், கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸைத் தட்டி இறக்கிவிட்டார், பல கீபோர்டுகளில் அது வெளியே போகும் மிடியையும் சேர்த்தே நகர்த்தும். 48-க்குப் பதில் 46 வந்தது, சோகப்பாட்டுக்கு நீலம் வர வேண்டிய இடத்தில் ஸ்ட்ரோப் வெடித்தது. நான் டெஸ்க்கை இரண்டு தடவை அணைத்துப் போட்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது. அன்றிலிருந்து கியூக்களை டிரான்ஸ்போஸ் தொடாத பேடிலோ, தனிப் பெட்டியிலோ வைக்கச் சொல்கிறேன்.

இன்னொரு காரணம் ஆக்டேவின் பெயர். நோட் 60-ஐ சில கம்பெனிகள் சி3 என்கின்றன, சில சி4 என்கின்றன. இருவர் பேசி வைத்துக்கொள்ளும்போது பெயரைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள்.

சஸ்டெயின் பெடலை 'கோ' பட்டனா வெச்சேன். ஒரு தடவை மிதிச்சா ரெண்டு கியூ போகுது!

'கோ' என்பது டெஸ்க்கில் அடுத்த கியூவை ஓட்டும் பட்டன். பெடல் அனுப்புவது சி.சி 64. மிதிக்கும்போது 127, காலை எடுக்கும்போது 0. டெஸ்க் இரண்டையும் 'வந்தது' என்று எடுத்துக்கொண்டு இரண்டு முறை நகர்கிறது. டெஸ்க்கில் மதிப்பு 64-க்கு மேல் போனால் மட்டும் ஓடு என்று நிபந்தனை வையுங்கள். நோட்டிலும் இதே தொல்லை வரலாம், மேலே சொன்ன 144, 60, 0-ஐ சில எளிய மென்பொருள்கள் புதிய அழுத்தலாக நினைத்துக்கொள்ளும்.

எலெக்ட்ரானிக் பேட்ல டிரம்மர் அடிச்சா லைட் வரணும். ஆனா கண்ணு சிமிட்டற மாதிரி வந்து போயிடுது, பழைய பார் கேன்ல வர்றதே இல்ல.

பேட்டுக்கு விரல் எடுப்பது என்று ஒன்று கிடையாது. அடித்த கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நோட் ஆஃப் அனுப்பிவிடும். எல்.இ.டி அதற்குள் எரிந்து அணைந்திருக்கும், ஹாலஜன் பார் கேனின் இழை சூடாகக்கூட ஆரம்பித்திருக்காது. பட்டனை ஃபிளாஷ் (அழுத்தியிருக்கும் வரை மட்டும் எரிவது) என்று வைக்காமல், அரை வினாடியில் தானாக இறங்கும் ஒரு கியூவாகப் பதிந்து, நோட் ஆனுக்கு மட்டும் ஓட்டுங்கள், நோட் ஆஃபைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லா அடிக்கும் லைட் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மட்டும் கொடுத்தால் பாட்டோடு சேர்ந்து துடிக்கும், ஹைஹேட்டுக்கும் (ஓயாமல் தட்டும் ஜோடித் தட்டு) கொடுத்தால் ட்யூப் லைட் ஸ்டார்ட்டர் போன மாதிரி இருக்கும்.

மிடி ஷோ கன்ட்ரோல்ங்கறாங்களே, அது வேற மிடியா?

அதே ஒயர், அதே மிடி, பேசும் பாஷைதான் வேறு. நோட்டில் 'யாரோ 60-ஐ அழுத்தினார்கள்' என்றுதான் வரும், அதற்கு அர்த்தம் நீங்கள் கொடுக்க வேண்டும். 1991-ல் வந்த ஷோ கன்ட்ரோலில் 'ஒன்றாம் டெஸ்க்கே, முதல் லிஸ்ட்டில் ஐந்தாவது கியூவை ஓட்டு' என்று பெயர் சொல்லியே கூப்பிடலாம். ஒயரில் அது இப்படிப் போகும்: 240, 127, 1, 2, 1, 1, 53, 0, 49, 247. முதலும் கடைசியும் உறையின் இரு ஓரம். 127-க்கு அடுத்த 1 டெஸ்க்கின் எண், 2 என்றால் ஷோ கன்ட்ரோல், அடுத்த 1 லைட்டிங், அதற்கடுத்த 1 தான் 'கோ'. 53 என்பது '5' என்ற எழுத்து, 0 இடைவெளி, 49 என்பது '1' என்ற எழுத்து. கியூ 12.5 வேண்டுமானால் 53 இருக்கும் இடத்தில் 49, 50, 46, 53 வரும். டெஸ்க் எண்ணாக 127 போட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லா டெஸ்க்கும் ஓடும்.

நாடகத்துக்கு இதுதான் சரி. க்யூலேப் மாதிரி மென்பொருளில் சவுண்டை ஓட்டுகிறவர் ஒரே ஸ்பேஸ் பாரில் இடியும் மின்னலும் சேர்த்து விடலாம். கிராண்ட் எம்.ஏ, ஈ.டி.சி ஈயாஸ் வகை டெஸ்க்குகள் இதைப் புரிந்துகொள்ளும், ஆனால் அமைப்பில் நீங்கள் திறந்துவிட்டு எண் கொடுக்க வேண்டும், கொடுக்காமல் ஒயரைத் திட்டிப் பயனில்லை.

ஷோ கன்ட்ரோல் ஒன்பதாவது கியூ வரைக்கும் ஓடுது, பத்துல இருந்து ஓடவே மாட்டேங்குது. பைத்தியம் பிடிக்குது.

எனக்கும் பிடித்தது. ஒரு நாட்டிய நாடகத்துக்கு முந்தின இரவு இரண்டு மணி வரை கியூ லிஸ்ட்டை மாற்றி மாற்றிப் பதிந்தேன். குற்றவாளி பெயரே இல்லாத மலிவான யு.எஸ்.பி மிடி ஒயர். மூன்று எண் நோட்டை அது அழகாகக் கடத்தும். நீளமான செய்தி வந்தால் சில மலிவு ஒயர்கள் வாலை நறுக்கிவிடும். கியூ 9 வரை பத்து எண்கள், 10 ஆனதும் ஓர் எழுத்து கூடிப் பதினொன்று, அந்த ஒன்றில்தான் அது தடுக்கி விழுந்தது. ஒயரை மாற்றினேன், முடிந்தது. ஷோ கன்ட்ரோல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இன்டர்ஃபேஸில், அதாவது அந்த யு.எஸ்.பி மிடி ஒயர் மாதிரி இணைப்புக் கருவியில், மிச்சம் பிடிக்காதீர்கள்.

எல்லாமே டிராக்கோட தானா ஓடட்டுமே, டைம்கோடு போட்டுடலாமா?

கிளிக் டிராக்கோடு (காதில் ஓடும் தாளத் தட்டு) வாசிக்கும் குழு என்றால் தாராளமாக. மிடி டைம்கோடு என்பது லேப்டாப் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் கடிகாரம். மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம் (வினாடியின் சிறு பகுதி). ஒவ்வொரு கியூவுக்கும் நேரத்தைப் பதிந்துவிட்டால் டெஸ்க் தானாக ஓடும். ஃபிரேம் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 25, அங்கே 30 என்றிருந்தால் கியூக்கள் ஒரு வினாடிக்குள் முன்னே பின்னே விழும், பார்க்கிறவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

கிளிக் இல்லாத கச்சேரிக்கு வேண்டவே வேண்டாம். பாடகர் ஆலாபனையை இழுத்தால் கடிகாரம் காத்திருக்காது. கிளிக் இருந்தாலும் ஒன்ஸ்மோர் கேட்டால் டிராக் பின்னால் தாவும், அப்போது டெஸ்க் என்ன செய்கிறது என்பதை ரிகர்சலிலேயே ஒரு தடவை வேண்டுமென்றே தாவவிட்டுப் பாருங்கள்.

மிடியில தாமதம் வரும்னு சவுண்ட்காரர் பயமுறுத்தறாரே?

ஒரு நோட் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட். மேலே எழுதின பத்து எண் ஷோ கன்ட்ரோல் செய்திக்கு மூன்று சொச்சம். 512 சேனலும் நிரம்பிய டி.எம்.எக்ஸ் ஒரு சுற்று வரவே 20 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், ஆக மெதுவான ஆள் மிடி இல்லை. தாமதம் வருவது வேறு விதத்தில்: ஒரே ஒயரில் டைம்கோடும், கீபோர்டின் பிட்ச் வீலும் (சுருதியை வளைக்கும் சக்கரம்), ஆஃப்டர்டச்சும் (கீயைப் பிடித்திருக்கும் அழுத்தம்) கூட்டமாகப் போனால் உங்கள் 'கோ' வரிசையில் நிற்கும். லைட்டுக்குத் தேவையில்லாததை வடிகட்டுங்கள்.

மேடைக்கும் லைட் டெஸ்க்குக்கும் நாற்பது மீட்டர். ஒயர் இழுத்துடலாமா?

மிடி ஒயருக்கு 15 மீட்டர் எல்லை, யு.எஸ்.பி என்றால் ஐந்து. அதற்கு மேல் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. இருபுறமும் லேப்டாப் இருந்தால் நெட்வொர்க் மிடி போடுங்கள், மேக்கில் உள்ளேயே இருக்கிறது, விண்டோஸுக்கு ஆர்.டி.பி மிடி என்ற இலவச நிரல். கேட் 6 நெட்வொர்க் ஒயரில் 100 மீட்டர் வரை போகலாம். மண்டபத்து வைஃபையை நம்பாதீர்கள், நானூறு போன் உள்ளே வந்ததும் அது படுத்துவிடும்.

பழைய டின் ஒயருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளே வாங்கும் பக்கத்தில் செய்தி ஒளி வழியாகத் தாண்டுவதால் இரண்டு கருவிக்கும் மின் தொடர்பு கிடையாது. நம் ஊரில் லைட் ஒரு ஜெனரேட்டர், சவுண்ட் இன்னொன்று என்று ஓடும்போது யு.எஸ்.பி வழியாக இரண்டையும் கட்டினால் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று இரையும், டின்னில் அது வருவதில்லை.

பட்டன்ல லைட் எரியற கன்ட்ரோலர் வாங்கினேன். அழுத்தினா டெஸ்க் கேட்குது, ஆனா பட்டன் கலர் மாறலையே?

நிறமும் மிடிதான், ஆனால் திரும்பி வர வேண்டும். பழைய ஆகாய் ஏ.பி.சி மினியில் அந்தப் பட்டனின் நோட்டையே வேகம் 1 வைத்துத் திருப்பி அனுப்பினால் பச்சை, 3 சிவப்பு, 5 மஞ்சள். மென்பொருளில் மிடி அவுட்டையும் அதே கருவிக்குத் திறந்துவிடுங்கள். வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் 'த்ரூ' எங்கும் ஆனில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே நோட் வட்டமடித்து இரண்டு பக்கமும் உறைந்துபோகும்.

தீப்பொறி மெஷினையும் லிஃப்ட்டையும் இதுலயே இணைச்சுடலாமா? ஒரே கியூல எல்லாம் போயிடுமே.

கூடாது. மிடி அனுப்பிவிட்டுப் போய்விடும், போய்ச் சேர்ந்ததா, வழியில் கெட்டதா என்று பார்க்காது. லைட் தப்பாக வந்தால் அசிங்கம், அதோடு போயிற்று. நெருப்புக்கும் ஆள் ஏறும் மேடைக்கும் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்து, கையை எடுத்தால் நின்றுவிடும் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிற ஆள் வேண்டும்.

நடு நிகழ்ச்சியில மிடி செத்துட்டா என்ன பண்றது?

கடைசியாக வந்த கியூ அப்படியே நிற்கும், மேடை இருட்டாகாது, டெஸ்க் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டைம்கோடும் அப்படித்தான், கடிகாரம் நின்றால் அடுத்த கியூ வராது. அதனால் கியூக்களை மிடியில் மட்டும் தொங்கவிடாமல் டெஸ்க்கின் 'கோ' பட்டனாலும் வரிசையாக ஓடும்படி ஒரே லிஸ்ட்டில் பதியுங்கள். பாட்டு வரிசை அச்சடித்த தாள் ஒன்று டெஸ்க் மேல், வலது கை 'கோ'வுக்குப் பக்கத்தில். மிடியை ஒரே தட்டில் அணைக்க ஒரு பட்டன் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், தப்புத் தப்பாக வரும் மிடி செத்துப்போன மிடியைவிட மோசம்.

எல்லாம் ரெடி, ஆனா கீபோர்டு அண்ணன் "என் கீபோர்டைத் தொடாதே"ங்கறாரு.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர் டோன்களை ஒருமுறை யாராவது அழித்திருப்பார்கள். அவர் கீபோர்டில் எதையும் மாற்றாமல் மிடி அவுட்டில் இருந்து ஒரு ஒயர் மட்டும் கேளுங்கள், வடிகட்டுவதும் எண்ணை மாற்றுவதும் உங்கள் லேப்டாப்பில் நடக்கட்டும். ஒயரை அவர் கையாலேயே சொருகச் சொல்லுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் ஒரு சின்ன எட்டுப் பேடு கன்ட்ரோலரைக் கோரஸ் பாடும் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள். நான் அப்படி ஒருமுறை கொடுத்தேன், அந்தப் பெண் ஒரு கியூவும் தவறவில்லை.